தொலைக்காட்சியின் உரிமையும் நிதியும் வழியும்: ஐரோப்பா கற்பிப்பதும் பிம்ப்ரி காட்டுவதும்

மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகருக்கு வடமேற்கே மும்பைச் சாலையில் அமைந்துள்ள பிம்ப்ரி, விடுதலைக்குப் பின் எழுச்சி பெற்ற தொழில் நகரங்களுள் ஒன்றாகும். 1954-ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பெற்ற இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் பென்சிலின் மருந்தை நம் நாட்டிலேயே உற்பத்தி செய்தது. அதனைத் தொடர்ந்து பொறியியல் தொழிற்சாலைகளும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் இவ்வட்டாரத்தில் பெருகின. வேலை நாடி மராத்தியரோடு தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் வடநாட்டவரும் வந்து குடியேறினர். 1982-ஆம் ஆண்டு பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி அமைந்தது.

இந்நகரின் வீட்டுக் கூரைகளை உற்று நோக்கினால், இந்தியத் தொலைக்காட்சியின் வரலாற்றையே அவற்றில் காணலாம். முதலில் அங்கு நின்றவை அலுமினியக் குழாய்களால் ஆன ஆண்டெனாக்கள். தெற்கே சிங்ககட் கோட்டை மலை மீதுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்கி அவை திருப்பி வைக்கப்பட்டிருந்தன. 1972 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற மும்பை நிலையத்தின் நிகழ்ச்சிகள் அம்மலையின் வழியாகவே இப்பகுதி வீடுகளை அடைந்தன. 1990-ஆம் ஆண்டுகளில் கூரைக்குக் கூரை கேபிள் கம்பிகள் ஓடின. இன்றோ, தென்கிழக்கு வானில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கிச் சிறு கிண்ணங்கள் பல கூரைகளில் காணப்படுகின்றன.

ஆண்டெனா கிண்ணமாக மாறியபோது, அதனுடன் மூன்று ஏற்பாடுகளும் மாறின. ஒரு நிகழ்ச்சியைக் காட்டும் உரிமை யாருடையது? அதற்கு ஆகும் பணத்தைத் தருவோர் யார்? அது எவ்வழியாக வீட்டை அடைகிறது? உரிமை, நிதி, வழி என்னும் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் கருதாது விட்டால், அதன் சுமை பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டின் மீதே விழுகிறது. ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தையும் நம் நாட்டின் அனுபவத்தையும் ஒப்பிட்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிதி: யார் கொடுப்பது?

ஐரோப்பாவின் பொதுத்துறை ஒளிபரப்பு, உரிமக் கட்டணம் என்னும் ஏற்பாட்டின் மீது வளர்ந்தது. பிரிட்டனில் 1922-இல் வானொலிக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் கட்டணம் விதிக்கப்பட்டது. 1946-இல் தொலைக்காட்சியையும் உட்படுத்தி 2 பவுன் உரிமம் நடைமுறைக்கு வந்தது. கருவி வைத்திருப்பவர் பணம் செலுத்துவார். அப்பணம் விளம்பரமின்றி நிகழ்ச்சி நடத்தப் பயன்படும். அரசின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை நேரடியாக எதிர்பாராததால், ஒளிபரப்பு நிறுவனத்திற்கு ஓரளவு சுதந்திரமும் கிட்டியது.

இவ்வேற்பாடு இப்பொழுது பல நாடுகளில் மாறிவிட்டது. நெதர்லாந்து 2000-ஆம் ஆண்டிலேயே உரிமக் கட்டணத்தைக் கைவிட்டு, பொது வரியிலிருந்து நிதி அளிக்க முற்பட்டது. பின்லாந்து 2013-இல் இதற்கெனத் தனி வரி விதித்தது. அதே ஆண்டில் ஜெர்மனி, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் செலுத்த வேண்டிய பங்களிப்பாக இதனை மாற்றியது. பிரான்சு 2022-இல் ஆண்டுக்கு 138 யூரோவாக இருந்த கட்டணத்தை நீக்கி, மதிப்புக் கூட்டு வரியின் ஒரு பகுதியை ஒதுக்கியது.

இம்மாற்றங்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். கைப்பேசியிலும் கணினியிலும் நிகழ்ச்சி காணும் காலத்தில், 'கருவி வைத்திருப்பவர்' யார் என்று வரையறுப்பது கடினம். ஆயினும் வரிப்பணத்தை நம்பும் நிறுவனம், வரி விதிப்போரின் மனநிலையையும் நம்பியிருக்க வேண்டியதாகிறது. ஜெர்மனியில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடலாம். அங்கு ஒளிபரப்பு நிறுவனங்களின் தேவையைச் சுதந்திரமான நிபுணர் குழு ஒன்று கணக்கிட்டுப் பரிந்துரைக்கும். 16 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். மாதக் கட்டணத்தை 17.50 யூரோவிலிருந்து 18.36 யூரோவாக உயர்த்தும் பரிந்துரையை 2020-இன் இறுதியில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் ஒன்று மட்டும் ஏற்காது நின்றது, உயர்வு தடைப்பட்டது. 2021-இல் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் தலையிட்டு உயர்வை நடைமுறைப்படுத்தியது. போதிய நிதி பெறுவது ஒளிபரப்புச் சுதந்திரத்தின் ஒரு கூறு என்னும் கொள்கை அத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

உரிமை: காட்டும் அதிகாரம்

ஒரு திரைப்படத்தின் சுருள் கையில் இருப்பது வேறு. அதனை ஒளிபரப்பும் உரிமை இருப்பது வேறு. புனேயில் 1964-இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழம் படங்கள் பலவற்றைப் பாதுகாத்து வருகிறது. எனினும் பாதுகாக்கப்படுவதால் மட்டும் அப்படங்களைத் தொலைக்காட்சியில் காட்டிவிட இயலாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, அது வெளியான பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அவ்வுரிமையை உடையவரிடம், எத்தனை முறை, எந்த நிலப்பரப்பில், எந்த வழியில், எவ்வளவு காலம் காட்டலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். 'எந்த நிலப்பரப்பில்', 'எந்த வழியில்' என்னும் சொற்களே பிற்காலத்துச் சிக்கல்களுக்கெல்லாம் வித்தாயின.

ஐரோப்பாவில் நாடுகள் சிறியவை; செயற்கைக்கோளின் அலைகளோ எல்லை அறியாதவை. ஆஸ்திரிய நாட்டுக்கு மட்டும் வாங்கிய படத்தை ஜெர்மானியரும் இலவசமாகக் காண்பராயின், ஜெர்மனியில் அதனை விலைக்கு வாங்கியவர் முறையிடுவார். ஆகவே ஆஸ்திரியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனம் தன் செயற்கைக்கோள் அலைகளைப் பூட்டி, அந்நாட்டு மக்களுக்கு அட்டை வழங்கித் திறக்கச் செய்தது. பிரிட்டனின் பி.பி.சி. வேறு வழி கண்டது. 2003-இல், பெரும்பாலும் பிரிட்டிஷ் தீவுகளின் மீதே அலைகளைப் பொழியும் அஸ்ட்ரா 2டி செயற்கைக்கோளுக்குத் தன் அலைவரிசைகளை மாற்றிப் பூட்டையும் நீக்கியது. உரிமை பற்றிய சிக்கல் ஒன்று, வழியை மாற்றியதன் மூலம் தீர்க்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது.

விளையாட்டுப் போட்டிகளின் உரிமையில் பணத்தின் வலிமை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1950-இல் தோன்றிய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், பல நாட்டுப் பொது நிறுவனங்களின் சார்பில் ஒலிம்பிக் போட்டிகளின் உரிமையை நெடுங்காலம் கூட்டாக வாங்கி வந்தது. தனித்தனியே விலை கொடுக்க இயலாத சிறு நாடுகளுக்கு இக்கூட்டுறவு பேருதவியாக இருந்தது. ஆனால் 2015-இல், 2018 முதல் 2024 வரையிலான ஐரோப்பிய உரிமையை டிஸ்கவரி என்னும் அமெரிக்கத் தனியார் நிறுவனம் 130 கோடி யூரோவுக்குப் பெற்றது. பொது நிறுவனங்கள் அதனிடமிருந்து பகுதி உரிமையை வாங்க நேர்ந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின்போது பி.பி.சி. ஒரே வேளையில் இரண்டு போட்டிகளை மட்டுமே நேரடியாகக் காட்ட முடிந்தது. பின்னர் 2026 முதல் 2032 வரையிலான உரிமையை ஒன்றியமும் டிஸ்கவரியின் வழிவந்த நிறுவனமும் கூட்டாகப் பெற்றன. கோடை ஒலிம்பிக்கில் குறைந்தது 200 மணி நேரமும் குளிர்கால ஒலிம்பிக்கில் 100 மணி நேரமும் கட்டணமின்றிக் காட்டப்பட வேண்டும் என்பது அவ்வொப்பந்தத்தின் நிபந்தனையாகும்.

சட்டத்தாலும் ஓர் அரண் எழுப்பப்பட்டது. பொதுமக்கள் அனைவரும் காண வேண்டிய போட்டிகளை ஒவ்வொரு நாடும் பட்டியலிடலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் விதி வகுத்தது. ஆயினும் பட்டியலில் இருப்பதும் நீங்குவதும் அரசின் முடிவே. பிரிட்டனில் உள்நாட்டு டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் 1998-இல் முழுப் பாதுகாப்புள்ள பிரிவிலிருந்து நீக்கப்பட்டன. 2006 முதல் அவற்றின் நேரலை சந்தா செலுத்துவோருக்கு மட்டும் என்றாயிற்று. கிரிக்கெட் வாரியத்திற்கு வருவாய் பெருகியது. இலவசமாகக் கண்டோரின் திரையில் அவ்வாட்டம் மறைந்தது. 2019-இல் இங்கிலாந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நுழைந்தபொழுது, உரிமை பெற்ற நிறுவனம் அவ்வொரு நாள் ஆட்டத்தை இலவச அலைவரிசையோடு பகிர்ந்துகொண்டது. அது அந்நிறுவனத்தின் விருப்பத்தால் கிடைத்த சலுகையே. பார்வையாளரின் உரிமையாக அது அமையவில்லை.

வழி: அலைவரிசை மாறும்போது

பணம் குறைந்தால் அலைவரிசையும் குறையும் என்பதற்கு டென்மார்க் சான்றாகும். அந்நாட்டில் 2018-இல் ஏற்பட்ட அரசியல் உடன்பாட்டின்படி பொது நிறுவனத்தின் நிதி ஐந்தாண்டுகளில் 20 விழுக்காடு குறைக்கப்படலாயிற்று. உரிமக் கட்டணமும் படிப்படியாக நீக்கப்பட்டது. 2020 ஜனவரியில் இளைஞருக்கும் சிறாருக்கும் உரிய இரு அலைவரிசைகள் இணையத்திற்கு மட்டும் என்று மாற்றப்பட்டன. பண்பாட்டு அலைவரிசை மற்றொன்றோடு இணைக்கப்பட்டது. பிரிட்டனில் பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசை 2016-இல் செலவைக் குறைப்பதற்காக இணையத்திற்கு மாற்றப்பட்டுப் பின்னர் 2022-இல் வழக்கமான தொலைக்காட்சிக்கே திரும்பியது. வழியை மாற்றுவது எளிது. பிரிந்து சென்ற பார்வையாளரை மீட்பது அரிது என்பதை இதனால் உணரலாம்.

இந்தியாவின் பாதை

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய நம் தொலைக்காட்சியும் முதலில் உரிமக் கட்டணத்தையே சார்ந்திருந்தது. கருவி வைத்திருப்போர் அஞ்சல் நிலையத்தில் உரிமம் பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்தனர். 1976 ஜனவரி முதல் நாள் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது; அதே ஆண்டு ஏப்ரலில் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பாயிற்று. 1980-ஆம் ஆண்டுகளின் இடையில் உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. அப்பொழுது விளம்பரதாரர் பொறுப்பில் வந்த தொடர்கள் நாடெங்கும் புகழ் பெற்றிருந்ததால், கட்டணத்தின் இழப்பு எவருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் பார்வையாளருக்கும் நிறுவனத்திற்கும் இடையே இருந்த நேரடி நிதித் தொடர்பு அன்றோடு அற்றது. 1990-இல் இயற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பிரசார் பாரதி தன்னாட்சிக் கழகமாக அமைந்த பின்னரும், ஊதியச் செலவின் பெரும்பகுதிக்கு மத்திய அரசின் நிதியையே அது எதிர்நோக்கி வந்துள்ளது.

உரிமையைப் பொறுத்தவரை, நம் நாட்டின் திருப்புமுனை 1993 நவம்பரில் நடைபெற்ற ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் போட்டியாகும். போட்டியை நடத்திய வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அளித்தது. தகராறு நீதிமன்றம் சென்றது. 1995 பிப்ரவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வான் அலைகள் பொதுச் சொத்து என்றும், அவை அரசின் தனியுரிமையாகவோ தனியாரின் தனியுரிமையாகவோ இருத்தலாகாது என்றும் வரையறுத்தது. தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளுள் ஒருவரான பி.பி. சாவந்த், ஓய்வுக் காலத்தைப் புனேயில் கழித்து 2021-இல் அங்கேயே மறைந்தவர்.

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் நடந்த ஒருநாள் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் 7 நிமிடத் தாமதத்துடன் காட்ட நீதிமன்றம் அனுமதித்தது. பந்து எல்லைக் கோட்டைக் கடந்து 7 நிமிடம் ஆன பின்னரே அச்செய்தி ஏழை வீட்டை எட்டியது. அடுத்த மாதமே அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, அதே ஆண்டில் முழுச் சட்டமாயிற்று. இதன்படி, தேசிய முக்கியத்துவம் உடையதாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் நேரலையை உரிமை பெற்றவர் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 என்னும் விகிதமும் குறிக்கப்பட்டது. போட்டி எந்த அலைவரிசையில் வரலாம் என்று வரையறுப்பது ஐரோப்பியப் பட்டியல் முறை. நேரலையையே பகிரச் சொல்வது நம் முறை.

ஆனால் அங்கும் வழி பற்றிய வினா எழுந்தது. கேபிள் நடத்துவோர் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் விதி. அவ்விதியால் பகிரப்பட்ட ஆட்டம் சந்தா வீடுகளுக்கும் இலவசமாகச் சென்றது. உரிமையாளர்கள் இதனை எதிர்த்தனர். 2017 ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பகிரப்படும் நேரலையைப் பிரசார் பாரதி தன் சொந்தத் தரைவழிக் கோபுரங்களிலும் தன் செயற்கைக்கோள் சேவையிலும் மட்டுமே காட்டலாம் என்று தீர்ப்பளித்தது. இதனால் பிம்ப்ரியின் ஒரே தெருவில் ஒரே தூர்தர்ஷன் அலைவரிசை இரு வேறு தோற்றம் கொண்டது. இலவசக் கிண்ணம் உள்ள வீட்டில் ஆட்டம் வரும். மாதந்தோறும் பணம் செலுத்தும் கேபிள் வீட்டில் அதே அலைவரிசையில் அவ்வாட்டம் வராது.

கூரையில் நேர்ந்த மாற்றம்

வழிகளும் இதற்கிடையே மாறின. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் கேபிள் முறையை எண்முறையாக மாற்றும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 38 நகரங்கள் இடம்பெற்றன. பிம்ப்ரி-சிஞ்ச்வட் அவற்றுள் ஒன்று. 2013 மார்ச் 31-க்குள் ஒவ்வொரு கேபிள் வீடும் செட்டாப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை வந்தது. முதல் 100 அலைவரிசைகளுக்கு 130 ரூபாயும் வரியும் செலுத்தி, கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியே தெரிவு செய்ய வேண்டும் என்பது அம்முறை. 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு, முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ 50 நிலையங்கள் நீங்கலாக, நாடெங்கும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. செட்டாப் பெட்டியோ மாதச் சந்தாவோ கேட்காத கூரை ஆண்டெனாவின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம்.

அதன் இடத்தை நிரப்ப வந்தது, 2004 டிசம்பரில் 33 அலைவரிசைகளுடன் தொடங்கி, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என வழங்கும் இலவசச் சேவை. கிண்ணத்திற்கும் பெட்டிக்கும் ஒரு முறை செலவிட்டால் போதும்; மாதச் சந்தா இல்லை. தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் பணம் செலுத்தி இதில் இடம் பெறுகின்றன. எனவே இங்கு நிதியின் திசை தலைகீழாக உள்ளது. பார்ப்பவர் கொடுப்பதில்லை, பார்க்கப்பட விரும்புபவர் கொடுக்கிறார். இம்முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. புதிய கட்டண முறை வந்த 2019 மார்ச்சில், பெரிய நிறுவனங்கள் தம் இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகள் சிலவற்றை இச்சேவையிலிருந்து விலக்கிக்கொண்டன. 2020 ஜூனில் திரும்பின. 2022 ஏப்ரலில் மீண்டும் விலகின. பார்வையாளர் யாரும் இதில் கலந்தாலோசிக்கப்படவில்லை.

பிம்ப்ரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் நோக்கிலிருந்தும் இதனைக் காண வேண்டும். கூரை ஆண்டெனாக் காலத்தில் அக்குடும்பத்திற்குக் கிடைத்தது மராத்தியும் இந்தியுமே. தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகலில் வரும் மாநில மொழிப் படங்களுள் தமிழின் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். 1975-இல் தொடங்கிய சென்னை நிலையத்தின் அலைகள் அத்துணைத் தொலைவு எட்டா. செயற்கைக்கோளே அக்குறையைத் தீர்த்தது. பொதிகை என்ற பெயரில் வழங்கிப் பின் 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாற்றம் பெற்ற அலைவரிசையை இன்று பிம்ப்ரியிலும் சந்தாவின்றிக் காணலாம். எனினும் கட்டண அலைவரிசைகளில் வரும் தமிழ் நிகழ்ச்சிகளை விரும்பினால், மராத்திக்கும் இந்திக்கும் செலுத்துவதோடு தமிழுக்கும் தனியே செலுத்த வேண்டும். இடம் பெயர்ந்து வாழும் தொழிலாளிக்குத் தாய்மொழி கூடுதல் செலவாகிறது.

கற்க வேண்டியவை

மேலே கண்டவற்றிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படும். முதலாவதாக, பொது ஒளிபரப்பின் நிதி பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்படல் வேண்டும். தேவையைக் கணக்கிடும் பொறுப்பு சுதந்திரமான குழுவிடம் இருத்தல் நலம் என்பதை ஜெர்மனி காட்டுகிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசு 2,539.61 கோடி ரூபாயில் ஒளிபரப்புக் கட்டமைப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. எல்லைப்புற, பழங்குடிப் பகுதி வீடுகளுக்கு 8 இலட்சத்துக்கு மேற்பட்ட இலவசப் பெட்டிகள் வழங்குவதும் அதனுள் அடங்கும். கோபுரத்திற்கும் பெட்டிக்கும் ஒதுக்கும் இவ்வக்கறை, நிகழ்ச்சித் தயாரிப்புக்கும் உரிமை வாங்குவதற்கும் நீடிக்க வேண்டும்.

இரண்டாவதாக, உரிமைச் சட்டங்களை இயற்றும்போதே வழியையும் தெளிவாகக் குறித்தல் வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வழி என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் கூறியிருப்பின், பத்தாண்டு வழக்காடலைத் தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவதாக, பழைய வழியை மூடுமுன் புதிய வழி எல்லா வீட்டையும் எட்டியுள்ளதா என்று ஆராய வேண்டும். பிரிட்டன் 2007 முதல் 2012 வரை வட்டாரம் வட்டாரமாகவே தரைவழி ஒளிபரப்பை எண்முறைக்கு மாற்றியது; முதியோருக்கும் உடற்குறை உடையோருக்கும் பெட்டி பொருத்திக் கொடுக்கத் தனி உதவித் திட்டமும் நடத்தியது.

நான்காவதாக, பார்வையாளரும் இவ்வுண்மைகளை அறிந்திருத்தல் வேண்டும். தாம் செலுத்தும் தொகையில் எது இணைப்புக்கு, எது நிகழ்ச்சிக்கு என்பதையும், எவ்வலைவரிசைகள் கட்டணமற்றவை என்பதையும் அறிந்த குடும்பமே தன் தேவைக்கேற்பத் தெரிவு செய்ய இயலும். தொழிலாளர் நல மன்றங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இப்பணியை மேற்கொள்ளலாம்.

வான் அலைகள் பொதுச் சொத்து என்று நீதிமன்றம் கூறி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அச்சொத்தின் பயன், ஆலையில் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் பிம்ப்ரித் தொழிலாளியையும் அவர்தம் பிள்ளைகளையும் தடையின்றி அடைய வேண்டும். உரிமையையும் நிதியையும் வழியையும் ஒருங்கே வைத்துத் திட்டமிட்டால் அது கைகூடும்.